எம்எல்ஏவுக்குப் பொன்னாடை

"நான் மேடையில பொய் சொல்லமாட்டேன்" என்று எதிர் இருக்கையில் இருந்த பெண் தன் கணவரிடம் சொன்னாள். கும்மிடிப்பூண்டி ரயிலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

"மெதுவா பேசு. சிறுதொழிலுக்கு உதவுனார்னு எம்எல்ஏவுக்குப் பாராட்டு விழா. பொன்னாடை போத்தி நன்றி சொல்ல சங்கத்துல உன்னைக் கூப்ட்டுக்கிறாங்க. சொல்லிட்டு மேடைய வுட்டு எறங்கு."

"இன்னா நன்றி? நம்ம பட்டறைக்கு மூணு மாசமா கரண்ட் இல்ல. மனுவைத் தூக்கிக்கினு ஆறு வாட்டி அவர் ஆபீசுக்குப் போனேன். ஒருவாட்டியாவது உள்ள வுட்டாங்களா? அதைத்தான் மைக்ல சொல்வேன்."

"சொன்னா பேஜாராயிடும். அப்புறம் கரண்ட்டே வராது."

"இப்ப மட்டும் வந்துக்கினா கீது?"

கும்மிடிப்பூண்டியில் வண்டி நின்றதும் அவள் விறுவிறுவென இறங்கி நடந்தாள். கணவர் பின்னாலேயே ஓடினார்.

"இரு, நானும் மேடைக்கு வரேன். தனியா மாட்டிக்காத."