தண்ணித்துரை மேடு

சப்பான்காரன் குண்டு போட வர்றான்னு பட்டணத்து ஜனமெல்லாம் மூட்டை முடிச்சோட ஊர் திரும்பின வருசம் அது. அப்போ கீரனேந்தல்ல சாத்தையான்னு ஒருத்தர் இருந்தார். என் வீட்டுக்காரிக்குத் தாத்தா. அவ இருந்த வரைக்கும் இந்தக் கதையை அவதான் சொல்லுவா. இப்போ நான் சொல்றேன்.

சாத்தையாவுக்குக் கேதம் சொல்றது வேலை. ஊர்ல ஒரு சாவு விழுந்தா, சுத்துப்பட்டு ஏழு ஊருக்கும் நடந்து போய்ச் செய்தி சொல்லணும். மத்தவங்க செத்தவர் பேரைச் சொல்லுவாங்க, எடுக்குற நேரத்தைச் சொல்லுவாங்க, போயிடுவாங்க. சாத்தையா அப்படி இல்லையாம். பேரைச் சொல்லி, அந்த ஆள் செஞ்ச ஒரு காரியத்தையும் சொல்லுவாராம்.

"காளியப்பன் போயிட்டார். பஞ்சத்துல விதைநெல்லைக் குத்தி ஊருக்குக் கஞ்சி ஊத்தினவர்."

"பூச்சியம்மா போயிட்டா. வாய் கொஞ்சம் நீளம். ஆனா அவ பார்த்த பிரசவம் ஒண்ணுகூடச் சேதமானதில்ல."

கேட்டவங்க அழுதுகிட்டே சிரிப்பாங்களாம். பேரை மாத்திச் சொன்னார்ங்கிற பழி மட்டும் அவருக்கு ஒரு நாளும் வந்ததில்லை. அதுல அவருக்கு ஒரு கர்வம் உண்டுன்னு சொல்லுவாங்க.

அந்த வருசத்து அறுப்பு நேரம். வயல்ல முப்பது பெண்கள் குனிஞ்சு அறுத்துக்கிட்டு இருக்காங்க. வானத்துல ஒரு சண்டை ஏரோப்பிளேன் புகையைக் கக்கிக்கிட்டு வருது. நேரா வயலைப் பார்த்து வருது. இதோ விழுந்துச்சு, இதோ விழுந்துச்சுன்னு நினைக்கையில, ஒரு பக்கமாச் சாய்ஞ்சு திரும்பிப் போய்ப் பொட்டல்ல விழுந்துச்சு. விழுந்த வேகத்துல மண்ணு குமிஞ்சு மேடாயிருச்சாம்.

வேறொரு கேதம் சொல்லிட்டு அந்த வழியா வந்த சாத்தையாதான் முதல்ல ஓடிப் போனார். ஒரு வெள்ளைக்காரப் பையன் தூக்கி எறிஞ்ச மாதிரி கிடக்கான். மீசைகூடச் சரியா முளைக்கலை. இவரைப் பார்த்து, "வாட்டர், வாட்டர்"ங்கிறான். கையைத் தூக்கி இவர் இடுப்புப் பக்கம் நீட்டுறான்.

கேதம் சொல்றவருக்கு என்ன தோணும்? சாகப்போறவன் தன் பேரைச் சொல்லிட்டுப் போறான்னு தோணுச்சு. "வாட்டர் துரை. தெரிஞ்சுக்கிட்டேன் சாமி"ன்னு சொல்லி, நீட்டின கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டார். பிடிச்சது பிடிச்சபடி உசிரு போச்சு.

பட்டாளத்து லாரி வந்து உடம்பை எடுத்துக்கிட்டுப் போயிருச்சு. யாரு எவருன்னு ஒரு வார்த்தை சொல்லலை. வயல்ல நின்ன முத்திருளாயி சாத்தையாவைக் கூப்பிட்டா.

"ஏய் சாத்தையா, எங்க தலையில விழ வேண்டியதைத் திருப்பிக்கிட்டுப் போனவன். அவனுக்குக் கேதம் சொல்ல யாரு இருக்கா?"

"பேரு எங்கிட்ட இருக்கு தாயி"ன்னு சொல்லிட்டு நடந்தார்.

ஒரு ஊர் சொன்னார். ரெண்டு ஊர் சொன்னார். ஆறு ஊர் சொன்னார். "வாட்டர் துரை போயிட்டார். முப்பது பெண்கள் உசிருக்காக ஏரோப்பிளேனைத் திருப்பினவர்." பார்க்காத பிள்ளைக்காக ஊருக்கு ஊர் ஒப்பாரி வச்சாங்களாம்.

ஏழாவது ஊர்ல அருளப்பன் வாத்தியார் இருந்தார். இங்கிலீஷ் படிச்சவர். பேரை யார் சொன்னதுன்னு கேட்டார். அவரே ரெண்டு தடவை சொன்னார்னு சாத்தையா சொன்னார். கையை நீட்டினாரான்னு வாத்தியார் கேட்டார். நீட்டினார், பிடிச்சுக்கிட்டேன்னார்.

வாத்தியார் சொன்னார்: "சாத்தையா, அது பேரு இல்லப்பா. வாட்டர்னா தண்ணி."

சாத்தையா இடுப்பைத் தொட்டுப் பார்த்தார். சுரைக்குடுக்கை தொங்குது. அந்தப் பையன் கையை நீட்டினப்பவும் அதுல பாதித் தண்ணி இருந்துச்சு. அப்படியே தரையில உட்கார்ந்துட்டார். நீ கையைப் பிடிச்சதும் ஒரு ஆறுதல்தான்னு வாத்தியார் எவ்வளவோ சொன்னார். இவர் காதுல ஏறலை.

சொன்ன கேதத்தைத் திருப்பிச் சொல்ற வழக்கம் எந்த ஊர்லயும் இல்லை. சாத்தையா திருப்பிச் சொன்னார். மறுநாள் அந்த ஊர்ல இருந்தே தொடங்கி, ஏழு ஊர்லயும் நின்னு சொன்னார்.

"நான் சொன்னது பேரு இல்ல. அவர் பேரு எனக்குத் தெரியாது. தண்ணி கேட்டிருக்கார். இடுப்புல வச்சுக்கிட்டு நான் குடுக்கலை. ஆனா ஏரோப்பிளேனைத் திருப்பினது நெசம். அதை மட்டும் மாத்திராதீங்க."

கடைசியா கீரனேந்தல் வந்து முத்திருளாயி வாசல்ல நின்னும் இதையே சொன்னார். அந்தக் காலத்துல சாத்தையா மாதிரி ஆளுக்கு யாரும் ஏனத்துல தண்ணி குடுக்க மாட்டாங்க. எட்டி நின்னு கையில ஊத்துவாங்க, அதுவும் கேட்டால்தான். முத்திருளாயி கேட்டுக்கிட்டே நின்னா. உள்ளே போனா. பித்தளைச் செம்பு நிறையத் தண்ணி கொண்டாந்து அவர் கையிலேயே குடுத்தா.

"குடி. இத்தனை வருசம் தொண்டை காயத்தான் எங்க வாசலுக்கு வந்திருக்கே. நாங்களும் ஒரு நாள் கேட்டதில்ல."

சாத்தையா பாதியைக் குடிச்சார். மீதியைச் செம்போட கொண்டு போய் அந்த மேட்டுல ஊத்தினார்.

அதுல இருந்து அது தண்ணித்துரை மேடு. அந்தப் பக்கம் போறவங்க இன்னைக்கும் ஒரு கை தண்ணி ஊத்திட்டுத்தான் போவாங்க. இந்த எட்டு ஊர்லயும், கேதம் சொல்ல வர்றவர் யாரா இருந்தாலும், வாயைத் திறக்கும் முன்னே செம்பைக் கையில குடுத்துருவாங்க. யாரு செத்தான்னு அதுக்கப்புறம்தான் கேட்பாங்க.

என் வீட்டுக்காரி போன அன்னைக்குக் கேதம் சொல்லப் போனது என் மச்சினன். திரும்பி வந்து எம்பக்கத்துல உட்கார்ந்தான். "ஏழு செம்பு அத்தான். ஒரு ஊர்லயும் விடலை"ன்னான்.