இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்த கப்பல்

முதல் குண்டு தூரத்தில். இரண்டாவது கிட்ட. இரும்புச் சுவர் அதிர்கிறது. விளக்கு அணைகிறது. நான் குப்புற விழுகிறேன். காதைப் பொத்துகிறேன். வாயைத் திறந்து வைக்கிறேன். வாயை மூடினால் காதுச் சவ்வு போய்விடும். வன்னியில் சின்னப் பிள்ளைக்கும் அது தெரியும்.

"விழுந்து படுங்கோ!" கத்துகிறேன்.

ஒருவரும் படுக்கவில்லை.

இது ஹம்பேர்க் துறைமுகம். ஞாயிறு பின்னேரம். இரண்டாம் உலகப் போரில் மூழ்கி, பிறகு கடலடியிலிருந்து தூக்கி வந்த ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல். உள்ளே கூட்டிப்போய் அன்றைய சத்தங்களை ஒலிபெருக்கியில் போட்டுக் காட்டுகிறார்கள். காசு கொடுத்துப் பயத்தை வாங்கிய முதல் வன்னிக்காரி நானாகத்தான் இருப்பேன்.

"அம்மா, ஸ்பீக்கர் சத்தம்தான். எழும்புங்கோ." என் மகள் நிலா. இங்கே வளர்ந்தவள். எழும்பப் பார்க்கிறேன். திரும்பவும் படுத்துவிடுகிறேன்.

வழிகாட்டி ஜெர்மன் மொழியில் சொல்கிறார். பால்டிக் கடலில் பயிற்சி முடிந்து, இந்தக் கப்பல் ஒரே ஒரு தடவைதான் போருக்குப் போனது. எதையும் மூழ்கடிக்கவில்லை. இரண்டாம் கிழமையே எதிரிக் கப்பல் மோப்பம் பிடித்தது. கீழே மாலுமிகள் சத்தம் வராமல் சப்பாத்தைக் கழற்றினார்கள். கதைக்கவில்லை. காற்றை மிச்சம் பிடிக்கப் படுத்துக் கிடந்தார்கள். மேலேயிருந்து வெடி. வெடி. வெடி.

பிறகு அமைதி.

ஒலிபெருக்கியும் நிற்கிறது. ஆட்கள் மூச்சு விடுகிறார்கள். எனக்கு இப்போதுதான் பயம் தொடங்குகிறது. வெடிக்கும்போது இருந்ததெல்லாம் ஒரு பயமா?

வன்னி. கடலோரம். கடைசிப் போரின் மாசி மாதம். மண்ணில் வெட்டிய பங்கருக்குள் ஐந்து பேர். விடியமுதல் தொடங்கிய ஷெல் எட்டு மணிபோல நின்றது. காகம் கத்தியது. கைக்குழந்தை நிலாவுக்குப் பால்மா கரைக்கத் தண்ணீர் இல்லை. அவளுடைய அப்பா வாளியை எடுத்தார்.

"ஓய்ஞ்சிட்டுது. வாறன்."

மாமியும் மச்சாளும் கால் நீட்டலாம் என்று பின்னால் ஏறினார்கள். பக்கத்துப் பங்கர்களிலிருந்தும் சனம் வெளியே வந்தது. அப்போது தூரத்தில் ஷெல்லை ஏவிக் குத்தும் சத்தம் கேட்டது. பிறகு கூவல். பிறகு மண் என்மேல் விழுந்தது.

இங்கே ஆட்கள் ஏணியில் ஏறுகிறார்கள். நிலா முதல் படியில் கால் வைக்கிறாள். அவளுடைய காலைக் கட்டிப் பிடிக்கிறேன்.

"ஏறாதை பிள்ளை! மேலை நிக்குது!"

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். வெட்கமாக இருக்கிறது. கையை எடுக்க ஏலவில்லை. நிலா இரும்புத் தரையில் என்னோடு இருந்துவிடுகிறாள்.

வழிகாட்டி எங்களுக்காகக் குரலைத் தாழ்த்தி முடிக்கிறார். அமைதியை நம்பி, காற்றுக்காகக் கப்பலை மேலே கொண்டுவந்தார்கள். எதிரி போகவில்லை. இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் காத்திருந்தான்.

மேலே ஆட்கள் சிரிக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் அவளை விடுகிறேன்.

கப்பலில் போனவர்கள் நாற்பத்தாறு பேர். பிழைத்தவர்கள் மூன்று பேர். மற்றவர்களுக்கு அதுதான் முதல் பயணமும் கடைசிப் பயணமும்.

எங்கள் பங்கரில் ஐந்து பேர். நிலாவின் அப்பா. மாமி. மச்சாள். மாமியை மட்டும் புதைக்க முடிந்தது.

மிச்சம் இரண்டு பேர். பிள்ளை மடியில் கிடந்தபடியால் நான் ஏறவில்லை.