கண்ணாடிக்கு அடியில் அத்தை

மருமகள்: இன்னும் கொஞ்சம் வாயைத் திறங்க அத்தை. கன்னத்துக்கு உள்பக்கம் லேசா ஒரு சுரண்டு… அவ்வளவுதான்.

மாமியார்: ஆ… மெதுவாடி! இருக்கறதே நாலு பல்லு. அதையும் பேத்துடாத.

மகன்: பல் குச்சியால என் அம்மா வாயைக் குடையறதுக்குத்தான் காலேஜுக்குப் போனியா?

மருமகள்: ஆமாங்க. எங்க வம்சத்துல காலேஜ் வாசலை மிதிச்ச முதல் ஆள் நான். போய் வாய் குடையக் கத்துக்கிட்டு வந்தேன். பந்தயம் கட்டினது யாரு? நீங்கதானே?

மகன்: நான் என்ன தப்பா கேட்டேன்? உயிருள்ளதுன்னா என்னன்னு கேட்டேன். நகரும், சாப்பிடும், மூச்சு விடும், கழிவைத் தள்ளும், தொட்டா துள்ளும்னு ஒப்பிச்ச. என் பட்டறையில நிக்கற பைக்கும் பெட்ரோல் குடிக்குது, காத்தை இழுக்குது, புகையைத் தள்ளுது, உதைச்சா உறுமுது. அப்ப அதுக்கும் உயிர் இருக்கா?

மாமியார்: அது வளருமாடா?

மகன்: சத்தம் வளருதும்மா, வருஷா வருஷம்.

மருமகள்: குட்டி போடுமா?

மகன்: அது வந்து…

மாமியார்: இழுக்காத. குட்டி போடற பைக் இருந்தா ஒண்ணு கொண்டா, கொல்லையில கட்டி வளர்க்கறேன்.

மருமகள்: குட்டியை விடுங்க அத்தை. பைக்கைப் பொடிப்பொடியா அரைச்சுப் பார்த்தாலும் உள்ள செல் இருக்காது. உயிருள்ளது எல்லாத்துலயும் செல் உண்டு. பாக்டீரியாவுக்கு ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குக் கோடி கோடியா.

மாமியார்: எனக்கா! கோடியா! என்னைப் பார்த்து ஒண்ணுமில்லாதவன்னு சொன்னவங்கள்லாம் எங்கடி?

மகன்: கோடி வேணாம். பந்தயம் பந்தயம்தான். ஒண்ணே ஒண்ணை அம்மா கண்ணால பார்த்து 'ஆமா'ன்னு சொல்லட்டும். நாளைக்கே போய் எம்.எஸ்ஸி. சேர்ந்துக்க. இல்லேன்னா வாங்கின பட்டம் போதும். மேல பேச்சே கிடையாது.

மருமகள்: சேர நாளைக்குத்தான் கடைசி நாள்னு தெரிஞ்சேதான் சொல்றீங்க.

மகன்: தெரிஞ்சேதான். இரவல் வாங்கின மைக்ரோஸ்கோப்பை சாயந்தரம் திருப்பித் தரணும்னும் தெரியும். ம், ஆகட்டும்.

மாமியார்: ஏண்டா, என் எச்சிலை வச்சு அவ தலையெழுத்தை எழுதறியே, வெக்கமா இல்ல?

மகன்: விளையாட்டுக்குத்தானேம்மா…

மருமகள்: உங்களுக்கு விளையாட்டு. தள்ளுங்க, வெளிச்சத்தை மறைக்காதீங்க. ஒரு சொட்டுத் தண்ணி… மேல மெல்லிசுக் கண்ணாடி… சாயம் இருந்தா இன்னும் நல்லா தெரியும். பாட்டில் காஞ்சு கிடக்கு.

மாமியார்: சாயமா? என் நரைக்கே நான் பூசினதில்ல.

மருமகள்: உங்க செல்லுக்கு அத்தை. பூசினா நடுவுல உட்கரு எடுப்பா தெரியும். செல்லுக்குள்ள எது எப்ப நடக்கணும்னு அதுதான் உத்தரவு போடும்.

மாமியார்: நடுவுல உக்காந்துக்கிட்டு உத்தரவா? அப்ப அது மாமியாரு.

மருமகள்: சுத்தி ஒரு சவ்வு. யாரை உள்ள விடலாம், யாரை விடக்கூடாதுன்னு அது பார்த்துக்கும்.

மாமியார்: வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருந்தாரே, உன் மாமனார்.

மருமகள்: மைட்டோகாண்ட்ரியான்னு ஒண்ணு. ராப்பகலா ஓயாம சத்தை எரிச்சு சக்தி குடுக்கும். அது இல்லேன்னா செல்லே படுத்துடும்.

மாமியார்: அது நீ.

மகன்: இதுல நான் எங்கம்மா?

மாமியார்: கழிவைத் தள்ளும்னு என்னமோ சொன்னாளே…

மகன்: போதும் போதும். பாருங்க முதல்ல!

மருமகள்: குனிங்க அத்தை. அந்தக் குழாய் மேல கண்ணை வைங்க. வட்டமா ஏதாவது தெரியுதா?

மாமியார்: ம்… குனிஞ்சாச்சு, வச்சாச்சு.

மகன்: என்னம்மா, தெரியுதா இல்லையா?

மாமியார்: இருடா, பறக்காத… அடேயப்பா! வட்டமா! என் மூஞ்சி மாதிரியே வட்டமா இருக்குடா!

மகன்: நிஜமாவா?

மாமியார்: ஆமா. ஆமா. ஆமா. போதுமா? இல்ல எழுதிக் குடுக்கட்டுமா?

மகன்: தள்ளுங்க, நானே பார்க்கறேன்.

மருமகள்: அத்தை பார்த்தா போதும்னுதானே சொன்னீங்க! அது பந்தயத்துல இல்ல…

மகன்: ஏன், பயமா? ம்… அட! ஆமாம்மா! வட்டமா, பளபளன்னு, கரை மட்டும் மை தீட்டின மாதிரி கருப்பா…

மருமகள்: கரை… கருப்பாவா? கெட்டியாவா?

மகன்: கெட்டிக் கருப்பு. இரு, தொட்டா துள்ளணும்ல? தட்டறேன்… நகருது! நகருதுடி!

மருமகள்: என்னங்க, கண்ணாடியை அழுத்தாதீங்க…

மகன்: வளருது! அம்மா… அம்மா! ரெண்டாயிடுச்சு! உங்க செல்லு குட்டி போட்டுடுச்சும்மா!

மாமியார்: இந்த வயசுலயா? வெளிய சொல்லித் தொலைக்காதடா!

மகன்: சரி, தோத்துட்டேன். போ, போய்ச் சேரு. நான் பட்டறைக்குக் கிளம்பறேன். பசங்ககிட்ட முதல்ல இதைச் சொல்லணும்…

மாமியார்: ஓடறான் பாரு, செருப்பைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு. கதவைச் சாத்துடி. ஏன், ஜெயிச்சவ மூஞ்சியா இது?

மருமகள்: அத்தை… அது உங்க செல் இல்ல. காத்துக் குமிழி.

மாமியார்: என்னது?

மருமகள்: கண்ணாடியைப் போட்ட அவசரத்துல காத்து மாட்டிக்கிச்சு. கெட்டிக் கருப்புக் கரைன்னு அவர் சொன்னப்பவே தெரிஞ்சுடுச்சு. முதல் வருஷம் நாங்களே அதைப் பார்த்து செல்லுன்னு படம் போட்டு, டீச்சர்கிட்ட நல்லா திட்டு வாங்கினோம். அழுத்தினா ரெண்டாகத்தான் செய்யும்.

மாமியார்: அவன் குட்டின்னு குதிச்சானே!

மருமகள்: பிரேக் குழாய்ல காத்து ஏறியிருந்தா பிரேக் பிடியைத் தொட்டே கண்டுபிடிக்கற மனுஷன்… இங்க காத்தைப் பார்த்து அம்மாங்கறாரு. நான் வாயை மூடிக்கிட்டேன். கூப்பிட்டுச் சொல்லிடவா? படிச்சவ நான்… ஒரு குமிழியைக் காட்டியா படிக்கப் போறது?

மாமியார்: நீ படிக்கறதுக்கு அவன் பந்தயம் கட்டலாம், நீ குமிழி காட்டக் கூடாதா? நாளைக்கு முதல்ல போய்ச் சேரு. அப்புறமா சாயம் வாங்கிட்டு வந்து, நிஜத்தைக் காட்டி, நீயே அவன் மூக்கை உடை.

மருமகள்: அவர் கிடக்கட்டும். நீங்க ஏமாந்துட்டீங்களே அத்தை, அதான் மனசைப் பிசையுது. என் மூஞ்சி மாதிரியே வட்டம்னு எவ்வளவு ஆசையா சொன்னீங்க…

மாமியார்: நான் எங்கடி ஏமாந்தேன்? பார்த்து, ஒண்ணும் தெரியாமப் போனா என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்னு, குனிஞ்சதுமே ரெண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கிட்டேன்.