ஒப்பந்தக்காரன்

— “இந்த ஒப்பந்தம் 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் பதினொன்றாம் தேதி, திங்கட்கிழமை, நாகர்கோவிலில் வைத்து எழுதிக்கொள்ளப்பட்டது.” இன்னைக்கு என்ன தேதி சுஜின்?

— ஒம்பது. சனிக்கெழமல்லா மைனி.

— கொள்ளாம். நாளன்னைக்கு நீ ஒப்பு போடுவன்னு அவனுக்கு இன்னைக்கே தெரியும். வலையில மீனு ஏறும்னு நமக்கே இவ்வளவு நிச்சயம் கெடையாது.

— அதில்ல மைனி. திங்கக்கெழம பத்து மணிக்கு ஏஜென்சி ஆபீசுக்கு வரச் சொன்னாரு தேவகனி சாரு. செவ்வாக்கெழம டிக்கெட்டு. அதுக்கு முன்ன இந்த இங்கிலீஷ் பேப்பர நீங்க ஒருதடவ தமிழ்ல வாசிச்சிட்டா மனசுக்கு ஒரு சமாதானம். நம்ம குடும்பத்துல வக்கீலாபீசுல இருக்கது நீங்க ஒரு ஆளுதான.

— நான் இங்க டைப்படிக்கவ. ஒம்பது வருசமா அடுத்தவனுக்க பொய்ய டைப்படிச்சதுல பொய்க்க மணம் தெரியும், அவ்வளவுதான். அந்தக் கதவ நல்லா தொறந்து வை. கரண்டு இனி நாலு மணிக்குத்தான். வக்கீல் சாரும் அப்பத்தான் வருவாரு.

— தொறந்தாச்சு. வாசிங்க.

— முதல் பக்கத்துல உன்ன என்னன்னு எழுதியிருக்கான் தெரியுமா?

— ஸ்ராங்குன்னு இருக்கும். பஹ்ரைன்ல அரபிக்க மீன்பிடி போட்ட நான்தான ஓட்டணும்.

— ஸ்ராங்கும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. “சுதந்திரமான ஒப்பந்தக்காரர்.” இங்கிலீஷ்ல ஃப்ரீலான்சுன்னு போட்டிருக்கான்.

— ஆமா, அத சாரே சொன்னாரு. நீ எவனுக்கும் வேலைக்காரன் இல்ல, உனக்கு நீயே முதலாளின்னு.

— கேட்டதும் நெஞ்சு விரிஞ்சிருக்குமே.

— பின்ன? நம்ம தொறையில கூலிக்கு கடலுக்கு போறவன் ஆரு? எல்லாம் பங்குதான. அங்கயும் பங்குன்னாரு. பாதி அரபிக்கு, பாதி நமக்கு. நம்ம மொறதான அதுவும்.

— வெவரங்கெட்டவனே. வேலைக்காரன்னு எழுதினா, நீ செத்தா முதலாளி பொணத்த ஊருக்கு அனுப்பணும். முதலாளின்னு எழுதினா, உனக்க பொணத்த நீயே தூக்கிட்டு வரணும்.

— வாயில ஒரு நல்ல சொல்லு வராதா மைனிக்கு?

— நல்ல சொல்லுக்கு நீ தேவகனிகிட்ட போ. இந்தா, அஞ்சாவது பிரிவு. “ஏஜென்சி இரு தரப்பையும் அறிமுகம் மட்டுமே செய்து வைக்கும். அதன் பின் நிகழும் எதற்கும் பொறுப்பாகாது.” கல்யாண புரோக்கருகூட மூணாம் நாளு பெண்ணும் மாப்பிள்ளையும் எப்பிடி இருக்குன்னு எட்டிப் பாப்பான். இவன் அதுவும் மாட்டானாம்.

— ஆளு மரியாதக்காரன் மைனி. ஏசியில இருக்க வச்சு டீ தந்தாரு. மேசைக்க மேல மாதா படம் இருக்கு.

— இங்கயும்தான் இருக்கு. வாற கட்சிக்காரன் வேதக்காரன்னா வக்கீல் சாரு மாதா படத்த எடுத்து வைப்பாரு. இந்துன்னா பிள்ளையாரு. அலமாரியில ரெண்டும் தயாரா இருக்கு, போய் பாரு.

— ஃபாதருகிட்ட கடுதாசியும் கேட்டாரு. குடிக்க மாட்டான், நல்ல ஆளுன்னு. ஃபாதரும் எழுதித் தந்தாரு.

— ஃபாதரு இந்தப் பேப்பர வாசிச்சாரா?

— வாசிக்கல்ல. மந்திரிச்சாரு.

— பேப்பரயா, உன்னையா?

— ரெண்டயும் சேத்து.

— கொள்ளாம். இனி எட்டாவது பிரிவு. “வலை, கயிறு, எஞ்சின் ஆகியவற்றின் சேதம் ஒப்பந்தக்காரரின் பங்கில் கழிக்கப்படும்.”

— அது எப்பிடி? வலை போனா அது போட்டுக்காரனுக்க நஷ்டமல்லா? நம்ம தொறையில எங்கயாவது பங்குக்காரன் வலைக்கு அழுதிருக்கானா?

— நம்ம தொறையில. அதச் சொல்லு. பங்குன்னு அவன் ஒரு வார்த்த சொன்னதும் நம்ம தொறை மொற பூராவும் அதுக்கு பொறத்தால நடந்து வரும்னு நெனச்சிட்ட. வலை போனா முதலாளிக்கு. ஆளு சொகமில்லாம கெடந்தா அவனுக்கும் ஒரு பங்கு. செத்தா பொஞ்சாதிக்கு ஒரு பங்கு. இந்தப் பதினோரு பக்கத்துல அது எங்க இருக்கு? காட்டு.

— அத எழுதவும் செய்யணுமா? எல்லாருக்கும் தெரிஞ்சதுதான.

— அரபிக்கு தெரியுமா?

— தெரியாது.

— தேவகனிக்கு தெரியும். நீ எழுதச் சொல்லிக் கேக்க மாட்டன்னு அவனுக்கு நல்லா தெரியும். அதுலதான் அவன் ஏசி போட்டிருக்கான்.

— திருத்தித் தரச் சொன்னா?

— சொன்னியா?

— டிக்கெட்டு தேதி மட்டும் ஒருநாளு தள்ளிக் கேட்டேன். ஒரு எழுத்தும் மாறாது, வேண்டாம்னா போ, ஆளு வரிசையில நிக்கான்னு சிரிச்சாரு.

— சிரிப்பான். கடைசிப் பக்கத்துல என்ன எழுதியிருக்கான் கேளு. “மேற்கண்ட யாவும் என் தாய்மொழியில் வாசிக்கக் கேட்டு, புரிந்துகொண்டு கையெழுத்திடுகிறேன்.” ஆரு வாசிச்சுத் தந்தா?

— வாசிக்கல்ல. போறது எப்போ, வாறது எப்போன்னு ரெண்டு வரி சொன்னாரு.

— அந்த ரெண்டு வரியும் இதுல இல்ல. எதாவது பிரச்சினைன்னா பம்பாயில போய் பேசணும், தீர்ப்பு சொல்லுக ஆளையும் அவனே வைப்பான், அது மட்டும் இருக்கு. நீ இதுவரைக்கும் பம்பாய் பாத்திருக்கியா?

— ரத்னகிரி வரைக்கும் போயிருக்கேன். கடல் வழி.

— போட்டுலயே போய் கேசு நடத்து. ஏன்லே இப்பிடி பறக்குக?

— பதினஞ்சாம் தேதி தடைக்காலம் தொடங்குகு. ஒன்றரை மாசம் போட்ட கெட்டிப்போட்டு கரையில இருக்கணும். அதுகூட சாரமில்ல, சமாளிச்சிருவேன். பத்து வருசமா அடுத்தவன் ஓட்டுக போட்டுல வலை இழுக்கேன் மைனி. இங்க என்ன ஸ்ராங்கா எவன் ஏத்துகான்? அங்க எனக்க கையில ஒரு போட்டு தாறான்.

— போட்டு மட்டுமா தாறான்? பன்னிரண்டாவது பிரிவு கேளு. “கடல் எல்லை தாண்டுவதால் வரும் அபராதம், காவல், வழக்கு யாவும் ஒப்பந்தக்காரரையே சேரும். அவர் அழைத்து வரும் நான்கு ஆட்களின் முழுப்பொறுப்பும் அவருடையது.”

— நான் ஆரயும் அழைக்கல்லியே. நாலு பேரயும் பிடிச்சது சாருதான்.

— பிடிச்சது அவன். பேப்பருல பிடிச்சது நீ. அவனுவளுக்க சோறு, மருந்து, செயிலு, எல்லாம் உனக்க தலையில.

— கடல்ல எல்லைக்கு வேலியா கெட்டியிருக்கு? மீனு போற வழிக்கு போட்டு போவும். அரபி போன்னு சொன்னா போவாம முடியுமா?

— அரபி சொன்னான்னு ஆரு சாட்சி சொல்லுவா? நம்ம சிலுவை மாமன் எல்லை தாண்டின கேசுல எட்டு மாசம் உள்ள கெடந்துட்டு வந்தாரு. வலை இழுத்த ஆளுன்னு அவர விட்டான். போட்டு ஓட்டினவன இன்னைக்கு வரைக்கும் விடல்ல. நாளைக்கு உனக்க பொஞ்சாதி பெபிஷாவுக்க வாசல்ல நாலு பெண்ணுங்க வந்து நிப்பாளுவ, எனக்க மாப்பிள்ளைய எங்க கொண்டு விட்டான் உனக்க மாப்பிள்ளன்னு. அவ என்ன சொல்லுவா? அவரு முதலாளின்னா?

— பெபிஷா இதொண்ணும் அறிய மாட்டா மைனி. பிள்ளைக்கு ரெண்டு மாசம் முடியல்ல.

— அதுக்குத்தான் சொல்லுகேன் மக்கா. ஒப்பு போடாத.

— போடாம விட்டா கேசு கீசு வருமா?

— வராது. பதினாலாவது பிரிவு. “ஒப்பந்தக்காரர் கையெழுத்திட மறுத்தாலோ விலகினாலோ, ஆட்கள் பட்டியலில் இரண்டாவதாக உள்ளவர் ஒப்பந்தக்காரர் ஆவார். அவர் முன்பு இட்ட கையெழுத்தே போதும்.” அந்தப் பட்டியலு இதுல இல்ல, தேவகனிக்க கையில இருக்கும். பாத்தியா? அவன் தந்திரத்துல உனக்கு ஒரு வாசல தொறந்து வச்சிட்டான். நீ நடந்து வெளிய வா.

— ரெண்டாவது ஆளு ஒப்பு போட்டாச்சு. நாலு பேரும் போட்டாச்சு. புதன்கெழம திருவனந்தபுரத்துல இருந்து ஏறியும் போயாச்சு மைனி. இப்ப அங்க கரையில எனக்காக நிக்கானுவ.

— அப்ப நல்லதா போச்சு. தேவகனிக்கு ஆளு இருக்கு, உன்ன தேட மாட்டான்.

— நான் போவல்லன்னா இதெல்லாம் அந்த ஆளுக்க தலையிலல்லா விழும்?

— விழட்டும். வாசிக்காம ஒப்பு போட்டவன விட்டுட்டு வாசிச்சவன் தலையிலயா விழும்?

— அந்த ஆளுக்கும் வீடு உண்டு.

— எல்லா மடையனுக்கும் வீடு உண்டு. நீ இருக்க இதே பெஞ்சுல இருந்துதான் அவனுவளுக்க பொஞ்சாதிமாரு மூக்கச் சிந்துவாளுவ. நான் ஃபேன் போட்டுக் குடுப்பேன்.

— ஆளு ஆருன்னு சொன்னா நீங்க...

— பேரு சொல்லாத. பேரு கேட்டா இரக்கம் வரும். இரக்கம் வந்தா பேப்பர் வாசிக்க முடியாது. இங்க வந்த முதல் நாளு வக்கீல் சாரு எனக்கு சொல்லித் தந்தது அது ஒண்ணுதான்.

— அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன நம்பித்தான் போட்டாரு. சுஜின் ஸ்ராங்கா வருகான், பின்ன என்ன பயமுன்னு.

— உன்ன நம்பினவனுக்கு தமிழும் தெரியாதுன்னு அர்த்தம்.

— வெளையாடாதீங்க மைனி. ஒரு போட்டுல ஏறினவன நடுக்கடல்ல விட்டுட்டு வாறது நம்ம மொற இல்ல.

— நீ ஏறவே இல்லியே. கரையிலதான நிக்க? அந்த ரெண்டாம் நம்பரு மடையன் செயில்ல கெடந்தாலும் கடல்ல கெடந்தாலும் உனக்கு ஒரு சோலியும் இல்ல. உனக்க பிள்ளைக்க மொகத்த நெனச்சிக்க. தேவகனிக்க நம்பரு இதுதான, பேப்பருல மேல இருக்கது? நானே சொல்லிருகேன்.

— இப்பமா?

— இப்பத்தான். திங்கக்கெழம நீ நேருல போனா டீயத் தந்து ஒப்பு வாங்கிருவான். இந்தா, ரிங் போவுது. நீ வாய் தொறந்து மிண்டாத.

— வையுங்க மைனி.

— ஏன்லே?

— போன வையுங்க. ரெண்டாவது பேரு அண்ணனாக்கும்.

— எந்த அண்ணன்?

— எனக்கு எத்தன அண்ணன் இருக்கு? ஜெனின் அண்ணன். உங்க மாப்பிள்ள.

— அவரு கொச்சியிலல்லா, தோப்பும்படியில போட்டு பணிக்கு நிக்காரு? நேத்து சாயங்காலமும் விளிச்சாரு.

— நம்பரு வந்துதா?

— வரல்ல.

— பஹ்ரைன்ல இருந்து விளிச்சதாக்கும். ‘உனக்க மைனி அறிஞ்சா பேப்பர கேப்பா, வாசிச்சா மடையன்னு ஏசுவா, நான் போய்ச் சேந்தபொறவு பைய சொல்லிக்கிடலாம்’னாரு. என்ன குருசடியில சிலுவைக்க முன்ன கொண்டு நிறுத்தி சத்தியம் வாங்கினாரு. மைனி? போன எடுத்துட்டான் போல. சத்தம் கேக்குகு.

— ஹலோ. தேவகனி சாரா? நான் ஷிஜி பேசுகேன், சுஜினுக்க மைனி. வக்கீலாபீசுல இருந்து. ஆமா, பேப்பர் பூரா வாசிச்சேன். ஒண்ணும் மாத்த வேண்டாம். திங்கக்கெழம பத்து மணிக்கு வந்து ஒப்பு போடுவான்.