கடலைப் பார்த்த ரூமு

— ...அதனால ரூமு கடலைப் பாத்த மாதிரிதான் வேணும்னு கண்டிசனா சொல்லிட்டேன், ஜெய்பு. ஜன்னலைத் தொறந்தா அலை. ஃபஸ்ட் கிளாஸ்!

— மெதுவாப் பேசுண்ணே. வார்டுல தூங்குறவங்க கீறாங்க. இதெல்லாம் எனக்கா?

— உனக்கில்லாம? அறுபத்திரண்டாம் வருசம் உன்ன இங்க கொண்டாந்து உட்டேன். பதினாலு வருசமா இந்த ஆஸ்பத்திரிச் செவுத்தயே பாத்துகினு கெடந்தே. தங்கச்சி டிஸ்சார்ஜு ஆவுறா, கூடப் பொறந்தவன் ஒரு நாலு நாளு கடல் காத்து வாங்க வெக்கக் கூடாதா?

— வெக்கலாம். மேல சொல்லு.

— வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் மைதீன் டாக்சி எடுத்துகினு வருவான். திருக்கழுக்குன்றம் ரோட்ல அப்படியே உட்டா ஒரு மணி நேரத்துல மாமல்லபுரம். காட்டேஜுல மேனேஜரு தர்மராஜு, என் தோஸ்து. ரூமு என் பேருல போட்டு கீது. கியாசுதீன், ஜவுளிக்கடைன்னு சொன்னாப் போதும்.

— என் பேரு?

— உன் பேரு எதுக்கு, என் பேரே போதும். காலீல நாஸ்தா ரூமுக்கே வந்துடும்.

— மத்தவங்களோட ஒக்காந்து துண்ண வேணாமா?

— அதுக்கில்ல... உனக்குச் சௌகரியமா இருக்கட்டுமேன்னு.

— சர்தான். அப்புறம்?

— சனிக்கிழம ரதம், கல்லு யானை, கோயிலு எல்லாம். கல்லுல இன்னா கீதுன்னு நெனைக்காதே, வெள்ளைக்காரனே ஏரோபிளேன் ஏறி வந்து பாக்குறான். சாயங்காலம் லைட்ஹவுஸு. ஞாயித்துக்கிழம பூரா கடலு. எல்லம்மாள்னு ஒரு அம்மா வருவாங்க, நல்லெண்ணெயில மூலிகை காய்ச்சி கை கால் உருவி உடுவாங்க. அவங்க கை பட்டா ஒடம்பு பஞ்சு மாரி ஆயிடும், ஃபஸ்ட் கிளாஸ்!

— அந்தம்மாகிட்ட என் கையப் பத்திச் சொல்லிட்டியா?

— சொல்லிக்கலாம்.

— ரெண்டு வெரலு பாதிதான் கீதுன்னு மொதல்லயே சொல்லிடு. திடீர்னு பாத்தா பயந்துடுவாங்க.

— இன்னா பயம்? பெருவியாதிதான் சுத்தமாப் போயிடுச்சே. யாருக்கும் ஒட்டாதுன்னு டாக்டரம்மா எழுதியே குடுத்துட்டாங்களே.

— அந்தக் காயிதத்த நெத்தியில ஒட்டிகினா போவ முடியும்?

— இப்படிப் பேசினா நான் இன்னா சொல்றது... கடல்ல நிக்கும்போது செருப்ப மட்டும் கழட்டாதே. மரத்துப் போன பாதம், கிளிஞ்சல் கிழிச்சா உனக்குத் தெரியாது.

— மணலு சுடுறதும் தெரியாது. தண்ணி சில்லுன்னு இருக்கறதும் தெரியாது. முழங்காலு வரிக்கும் எறங்கினாத்தான் எனக்குக் கடலு.

— எறங்கு. ஆனா பத்திரம்.

— எங்கூட யாரு வர்றது?

— ஆங்?

— நாலு நாளும் நான் தனியாவா இருக்கணும்?

— அதான் தர்மராஜு கீறானே.

— அவரு மேனேஜருண்ணே. எத்தினி பேரப் பாப்பாரு? லத்தீஃபா அண்ணி வரட்டும். சல்மா வரட்டும். இல்லாங்காட்டி இதெல்லாம் எதுக்கு? நேரா வூட்டுக்கே போலாம். நம்ம கெணத்துத் தண்ணியில மூஞ்சி கழுவிகினு, அண்ணி போடுற டீயக் குடிச்சாப் போதும் எனக்கு.

— செவ்வாக்கிழம கண்டிப்பா வூட்டுக்குத்தான். இப்ப வூடு ஒரே பேஜாரா கீது, ஜெய்பு. வெள்ளையடிச்சுகினு கீறாங்க.

— எதுக்கு வெள்ளை?

— ரம்ஜான் வருதுல்ல.

— ரம்ஜானுக்கு இன்னும் அஞ்சு மாசம் கீது.

— முன்னாடியே அடிச்சா நல்லதுன்னு...

— அண்ணே, என்னப் பாரு. ஞாயித்துக்கிழம வூட்டுல இன்னா?

— ஒண்ணுமில்ல.

— எதுனா இருந்தாத்தான் நீ இப்படி மூச்சு உடாம பேசுவே. சொல்லு.

— ...சல்மாவுக்கு நிக்காஹ்.

— என் பொண்ணுக்கு.

— உன் பொண்ணுக்குத்தான். மாப்ள ஊரப்பாக்கம், ரயில்வேல வேலை. பீடி சிகரெட் கூடக் கெடையாது. நல்ல எடம், ஜெய்பு. இது போனா இன்னொண்ணு அமையாது.

— அவங்ககிட்ட என்னப் பத்தி இன்னா சொல்லி கீறே?

— உடேன் அத.

— சொல்லுண்ணே.

— சல்மா நாலு வயசா இருக்கும்போதே நீ... மவுத்தாயிட்டேன்னு.

— எதுல செத்தேன்?

— ஜெய்பு, வேணாம்.

— செத்தவளுக்குத் தெரிய வேணாமா?

— காலரான்னு சொன்னேன்.

— பரவால்ல. காலரா கவுரவமான வியாதி. யாரும் மூஞ்சத் திருப்பிக்க மாட்டாங்க. சரி, செவ்வாக்கிழம வூட்டுக்கு வர்றேனே, அப்ப நான் யாரு?

— வேலூர்லேர்ந்து வந்த சின்னம்மா மவள்னு சொல்லிக்கலாம்னு லத்தீஃபா சொல்றா.

— எம்பொண்ணு என்ன இன்னான்னு கூப்புடுவா?

— என்னக் கொல்லாத, ஜெய்பு. தப்பெல்லாம் என்னுது. அந்தப் பொண்ணுக்கு இந்த ரூமு சமாச்சாரமே தெரியாது. உனக்கு டிஸ்சார்ஜு லேட்டாவுதுன்னு சொல்லி வெச்சு கீறேன்.

— அழாதண்ணே. அந்தாண்ட நர்சம்மா பாக்குறாங்க.

— பாக்கட்டும். பதினாலு வருசமா மாசத்துக்கு ஒரு தபா பன்னும் பழமும் வாங்கியாந்து குடுத்துட்டு, பெரிய அண்ணன்னு நெஞ்ச நிமித்திகினு போவேன். இன்னிக்கு உயிரோட கீறவள எந்த நாக்கால மவுத்துன்னு சொன்னேனோ! ரூமும் வேணாம், டாக்சியும் வேணாம். ஞாயித்துக்கிழம நீ வூட்டுக்கு வா. பொம்பளைங்க நடுவுல பொண்ணு பக்கத்துல ஒக்காரு. இவதான் பெத்தவன்னு ஜமாத்து முன்னாடி நானே எழுந்து நின்னு சொல்றேன். இருக்கறவங்க இருக்கட்டும், போறவங்க போவட்டும்.

— நெசமாவா சொல்றே?

— வல்லாஹி.

— லத்தீஃபா அண்ணி?

— அவளுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்.

— இது போதும்ணே எனக்கு. நீ இத வாயத் தொறந்து சொல்லுவியான்னு தான் இம்மா நேரமும் ஒவ்வொண்ணா கேட்டுகினு இருந்தேன்.

— அப்படின்னா? நிக்காஹ் விசயம் உனக்கு மொதல்லயே தெரியுமா?

— தெரியும். ரூம கேன்சல் பண்ணாதே. மைதீன வெள்ளிக்கிழமையே வரச் சொல்லிடு.

— இன்னா பேசுறே நீ? அதான் வூட்டுக்கு வான்னு சொல்றேனே! யாரு சொன்னாங்க உனக்கு?

— சல்மாதான். போன வாரம் தனியா பஸ் புடிச்சு வந்தாண்ணே, ஆஸ்பத்திரி கேட்டத் தாண்டி உள்ள வரல; காஜி வந்து சம்மதமான்னு கேக்கும்போது நான் அந்த வூட்டுல இருந்தா, அவ சம்மதம்னு வாயே தொறக்க மாட்டாளாம்.