மாசி போட்ட சூப்

தம்பி, ஒருக்கா இஞ்சை வாரும். அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கு இப்ப என்ன சொன்னனீர்? இல்லை, எனக்கு இங்கிலீஷ் கொஞ்சம் விளங்கும். அவ சூப் கோப்பையைக் காட்டி ஏதோ கேட்டவ, நீர் பிஷ் எண்டு சொன்னனீர். உடனை அவ கோப்பையைத் தள்ளி வைச்சிட்டா. எந்தச் சூப்பிலை பிஷ்?

இந்தச் சூப்பிலையோ?

இரும், இரும். அந்தக் கதிரையிலை இல்லை, அதிலை பை இருக்கு. அங்காலை இரும். பையை அரக்க வேண்டாம், அது அப்பிடியே இருக்கட்டும். இப்ப கடையிலை சனமில்லைத்தானே, ரெண்டு நிமிசம் இரும். நான் இந்த ஜப்பான் சாப்பாட்டுக் கடைக்கு என்ன கேட்டு வந்தனான் சொல்லும் பாப்பம்? முதல் நாள் பரிமாறுற உந்தப் பிள்ளை நிவேதனாவைத்தான் கேட்டனான், பிள்ளை, சைவம் இருக்கோ எண்டு. வீகன் இருக்கு அங்கிள் எண்டா. வீகன் எண்டால் என்ன எண்டன். மீன் இல்லை, முட்டை இல்லை, பால் கூட இல்லை எண்டா. எனக்குச் சரியான சந்தோசம். எங்கடை சைவத்திலை பாலும் நெய்யும் எண்டாலும் இருக்கு, இது அதைவிடச் சுத்தம் எண்டு நினைச்சன். அப்பிடி நினைச்சுத்தானே திரும்பத் திரும்ப வந்தனான்.

வெள்ளரிக்காய் வைச்ச சோத்து ரோல்தான் வீகன். சூப் எல்லாருக்கும் சும்மா குடுக்கிறது. ஓ. அதை ஆர் எனக்குச் சொன்னது?

கத்தேல்லைத் தம்பி, எனக்குக் குரலே இப்பிடித்தான். இரும்புக்கடையிலை இருவத்தாறு வரியம் கத்திக் கத்தி இப்பிடிப் போச்சுது. சரி, என்ன மீன் அது? அவிச்சு, புகையிலை காய வைச்சு, பேந்து சீவிச் சீவிப் போடுறது... கல்லு மாதிரி இருக்குமோ? ஐயோ, அது மாசியெல்லே! எங்கடை மாசிக் கருவாடு! எனக்குத் தெரியாதே மாசியை? இடிச்சுச் சம்பல் போட்டுச் சாப்பிட்டு வளந்த வாயெல்லோ இது. பதினைஞ்சு கோப்பை குடிச்சிருக்கிறன் தம்பி. ஒரு நாளாவது நாக்குச் சொல்லேல்லையே. மிச்சம் விடக்கூடாது எண்டு கோப்பையைச் சரிச்சு அடியிலை கிடந்ததையும் குடிச்சனான். என்ன மனிசன் நான்?

நேர்த்திதான், ஓம். ஒரு நேர்த்தி எண்டு வைச்சுக்கொள்ளுமன். மகன்ரை பேரிலை. மச்சம் மாமிசம் ஒண்டும் படக்கூடாது. எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, டொக்டர் சொல்லி இல்லை. இந்த ஒண்டைத்தான் அவனுக்கெண்டு நான் செய்யிறன். வேறை ஒண்டும் செய்யேலாமல் கிடக்கு. அதையும் இந்தக் கோப்பைக்கை கொண்டுபோய்ப் போட்டிட்டன்.

மகன் ஜப்பானிலை. உம்மளைப் போலத்தான், உந்த வேலைதான். சோறு உருட்டுறது, மீன் வெட்டுறது. வாகீசன் எண்டு பேர். நீர் ஒசாகாவிலை நாலு வரியம் நிண்டனீர் எண்டு நிவேதனா சொன்னவ. அவன் ஒசாகா இல்லை, வேறை எங்கையோ வடக்குப் பக்கம், சரியான குளிர். உமக்குத் தெரிஞ்சிருக்காது. படிக்கவெண்டுதான் போனவன். படிப்பு பகலிலை, வேலை விடியப்புறம். முதல் மாசம் ஒரு தட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினவன், அப்பா இது நான் வெட்டினது எண்டு. செம்மஞ்சள் மீன், வெள்ளைக் கோடு கோடா. பச்சை மீனை என்னெண்டடா சனம் தின்னுது எண்டு நான் சிரிச்சன். வந்து சாப்பிட்டுப் பாருங்கோ எண்டான்.

இரும், தம்பி. இரும். இப்பதான் ஞாபகம் வருது.

அவன் சொன்னவன். போகேக்கை மனிசி ஒரு போத்தில் மாசிச் சம்பல் குடுத்து விட்டவ. போய் ஒரு கிழமையாலை போன் எடுத்துச் சொன்னவன், அப்பா, இஞ்சையும் மாசி இருக்கு, எங்கடையைவிடக் கல்லு, சூப்புக்கு அதைத்தான் போடுறாங்கள் எண்டு. கடையிலை ஆக்கள் நிண்டவை. நான் கம்பி அளந்து கொண்டிருந்தனான். ஓமோம், பேந்து கதைப்பம் எண்டு வைச்சிட்டன். என்ரை பிள்ளை வாயாலை சொன்னதைத் தம்பி! காதிலை விழுந்தது, மண்டைக்கை போகேல்லை.

தண்ணி வேண்டாம். இருக்கட்டும்.

ஏன் சைவக்கடைக்குப் போகேல்லையோ? நல்லாக் கேட்டீர். இந்த யாழ்ப்பாண ரவுணிலை எந்தச் சைவக்கடை வாசல்லை நான் செருப்பைக் கழட்டினாலும், என்ன பஞ்சலிங்கம், புதன்கிழமையிலை சைவம் எண்டு கேக்க ஒருத்தர் இருப்பார். பின்னேரம் நான் உரும்பிராய்க்கு வீட்டை போக முன்னம் கதை மனிசியின்ரை காதுக்குப் போயிடும். இஞ்சை எங்கடை ஆக்கள் வராயினம். வாறது பெடி பெட்டையளும் வெளிநாட்டுக்காரரும். அதுதான் வந்தனான். செவ்வாய் வெள்ளியிலை நான் வாறேல்லைத்தானே? அண்டைக்கு வீட்டிலை சைவம், மனிசி கட்டித் தாற பெட்டியையே சாப்பிடலாம். மற்ற நாளிலை மீன் வைச்சுத்தான் கட்டுவா. உங்களுக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது எண்டு சொல்லிச் சொல்லி, ஏலாத உடம்போடை நிண்டு பொரிப்பா. அதைக் கொண்டுவந்து எங்கடை கடைக் காவல்காரர் மார்க்கண்டு அண்ணைக்குக் குடுத்திடுவன். அந்தாள் ஒரு மாசத்திலை கொழுத்துப் போச்சுது. ஞாயிற்றுக்கிழமை வயித்துக்குத்து எண்டு படுத்திடுவன். மனிசி கேக்கிறா, உங்களுக்கு வெளியிலை வேறை ஆரும் சமைச்சுத் தருகினமோ எண்டு. அறுவது வயசிலை எனக்கு! சிரிக்க வேண்டியதுதான், சிரிப்பு வருகுதில்லை.

அந்த இழவுச் சூப்பை இண்டைக்காவது குடியாமல் இருந்திருக்கலாம். ஒரு நாள்தானே மிச்சம். நாளைக்கு முப்பத்தோராம் நாள், அதோடை முடிஞ்சிடும்.

என்ன அப்பிடிப் பாக்கிறீர்?

ஓம். வேறை எந்த விரதம் முப்பத்தொரு நாள். நீரும் எங்கடை பெடியன்தானே, உமக்கு விளங்கும்.

பனிக்குள்ளை சைக்கிள் ஓடிக்கொண்டு வேலைக்குப் போனவன். விடிய நாலு மணி. லொறி. அங்கை அவனோடை நிண்ட சிநேகிதப் பெடியன் அருட்செல்வன்தான் கடைக்குப் போன் எடுத்தவன். அங்கிள், இருக்கிறியளோ, இருங்கோ எண்டான். நான் ஆணி நிறுத்துக்கொண்டு நிண்டனான். நிறுத்து முடிச்சுச் சுத்திக் குடுத்திட்டுத்தான் இருந்தனான். அங்கையே எரிச்சுப் போட்டினம். என்ரை கையாலை ஒரு கொள்ளி வைக்கேல்லை, ஒரு பிடி வாய்க்கரிசி போடேல்லை.

மனிசிக்குத் தெரியாது. குணலட்சுமிக்கு நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்து அண்டைக்குப் பன்ரெண்டாம் நாள். மூண்டு மாசத்துக்கு ஒரு அதிர்ச்சியும் குடுக்காதேங்கோ எண்டு டொக்டர் என்னைப் பாத்து விரலை நீட்டிச் சொன்னவர். அவவையும் அனுப்பிப் போட்டு நான் என்ன செய்யிறது தம்பி? அதாலை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இனத்துக்குச் சொன்னால் ஒப்பாரியோடை வந்து நிப்பினம். ஒரு நோட்டீஸ் அடிக்கேல்லை. ஒருத்தரும் அழேல்லை. நேற்றுக் கடைக்கு எடுத்தவன், உம்மளைச் சுகம் கேட்டவன் எண்டு ஒவ்வொரு நாளும் பொய். வெள்ளிக்கிழமை அவவைக் கோயிலுக்கு ஏத்திக்கொண்டு போறன். மகன்ரை பேரும் நட்சத்திரமும் சொல்லி அருச்சனை செய்விக்கிறா. சாவுத் துடக்கோடை நான் உள்ளுக்குப் போகேலாதெல்லே, மோட்டச்சைக்கிளுக்குக் காவல் எண்டு வெளியிலை நிப்பன். ஐயர் அவன்ரை பேரை உரத்துச் சொல்லுறது வெளியிலை கேக்கும்.

உந்தப் பச்சை வசாபிக் களிம்பை ஏன் அங்கிள் அள்ளிப் பூசுறியள் எண்டு நிவேதனா கேட்டவ. உறைப்புப் பழக்கம் எண்டனான். அதைத் திண்டால் கண்ணாலை தண்ணி ஓடும் தம்பி. ஏன் கண்ணீர் எண்டு ஆரும் கேளாயினம். அழுறதுக்கு எனக்கு வேறை இடமில்லை.

இப்ப சொல்லும், அந்தச் சூப்பாலை எல்லாம் பிழைச்சுப் போச்சுதோ? அவனுக்குத் துக்கம் காத்தது உலகத்திலை நான் ஒருத்தன்தான். அதுவும் ஒழுங்காய் இல்லை எண்டால் அவனுக்கு ஆர் இருக்கினம்? நாளைக்குக் கீரிமலைக் கடலடியிலை முப்பத்தொண்டுக் கிரியை செய்யேக்கை ஐயர் கேப்பார், சைவமாய் இருந்தனீங்களோ எண்டு. நான் என்ன சொல்லுறது? உமக்கு என்னெண்டு தெரியும், பாவம், உம்மளைப் போய்க் கேக்கிறன். வீட்டிலை நெல்லியடிக்குச் சாமான் எடுக்கப் போறன் எண்டு சொல்லியிருக்கிறன். தகப்பன் தனியவோ வாறியள் எண்டு ஐயர் போனிலை கேட்டவர். ஓம், தனியத்தான் எண்டனான்.

கண்ணைத் துடையும், நிவேதனா பாக்கிறா. நான் ஒண்டு கேக்கிறன், செய்வீரோ? இன்னுமொரு தட்டுப் போடும். எனக்கில்லை, எனக்கு இந்த வெள்ளரிக்காய் ரோலே காணும். அந்தச் செம்மஞ்சள் மீன் வைச்சது, உம்மடை கையாலை வடிவா வெட்டிப் போடும். எட்டாம் நாள் அவனுக்குப் பிடிச்சதெல்லாம் சமைச்சுப் படைச்சிருக்க வேணும். மனிசி இருக்கிற வீட்டிலை என்னெண்டு படைக்கிறது? எட்டுச் செலவு இன்னும் செய்யேல்லை.

இல்லை, பையை எடுக்காதேயும். அருட்செல்வன் முந்தநாள் காலமை கொழும்பு பஸ்ஸாலை வந்து இறங்கித் தந்திட்டுப் போனவன். வீட்டை கொண்டு போகேலாது, கடையிலை ஆணிப் பெட்டிக்குப் பின்னாலை வைச்சிருந்தனான். இண்டைக்குத்தான் இஞ்சை கூட்டிக்கொண்டு வந்தனான். நாளைக்குக் கடலிலை கரைச்சுப் போடுவன். பாரமே இல்லைத் தம்பி. அவ்வளவு பெரிய பெடியன்.

தட்டை அதுக்கு முன்னாலை வையும். ஒரு கோப்பை சூப்பும் வையும். ஓம், மாசி போட்டதுதான். அவனுக்கு விருப்பம்.