தொட்டிக்குள் ஒரு எடை

நெல் தூசி கம்ப்யூட்டருக்கு ஆகாது, இன்ஸ்பெக்டர் ஐயா. உமித் தூசி அதைவிட மோசம். அதனால்தான் இளையபெருமாள் முதலாளியின் ரைஸ் மில்லில் இரண்டு கம்ப்யூட்டர் வைக்க வேண்டியிருந்தது. ஒன்று நெல் அவிக்கும் கொட்டகையில், தகரப் பெட்டிக்குள் பூட்டியபடி. தொட்டிக்கு ஆவி விடுவதும் நிறுத்துவதும் அதன் வேலை. இன்னொன்று முற்றத்துக்கு இந்தப் பக்கம், ஏ.சி. போட்ட அறையில். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் ஓடியது. அங்கே ஓடும் புரோகிராமில் ஏதாவது தப்பு இருந்தால் இங்கே உட்கார்ந்தபடியே நான் அதை நிறுத்தலாம், ஒவ்வொரு வரியாக நடக்கவிடலாம், அது மனதில் என்ன வைத்திருக்கிறது என்று எட்டிப் பார்க்கலாம். மேலே ஒரு பொட்டுத் தூசி படாது. அந்த அறைக்கு ஒரே ஜன்னல், அதுவும் ரோட்டுப் பக்கம். கொட்டகை அங்கிருந்து தெரியாது.

நான் சிங்கவரத்துக்காரன். சென்னையில் படித்து, அங்கேயே ஒரு கம்பெனியில் புரோகிராம் எழுதும் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி எங்கள் கம்பெனியைத் தேடி வந்தபோது, சொந்த ஊர்ப் பையன் என்று என்னை அனுப்பினார்கள். செஞ்சியில் வேறெந்த மில்லிலும் அப்போது கம்ப்யூட்டர் கிடையாது. டவுன் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர், "கம்ப்யூட்டர் சார் வந்துட்டாரு, எடம் வுடுங்கப்பா" என்பார். கேலிதான். ஆனாலும் எனக்கு உள்ளுக்குள் இனித்தது. இதையெல்லாம் ஏன் சொல்கிறான் என்று நினைக்காதீர்கள். நடந்த எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இனிப்புதான் இருக்கிறது.

செத்துப்போன ஜகபர் அலியை நீங்கள் உயிரோடு பார்த்திருக்க மாட்டீர்கள். அவிக்கும் கொட்டகைக்கு அவர்தான் தலை. எல்லோருக்கும் அவர் பாய். மில்லில் என்னைக் கேலி செய்யாத ஒரே ஆள். தகரப் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் கையை வேட்டியில் துடைத்துக்கொள்வார். முதல் நாள் என்னிடம், "இதுக்கு இன்னா இன்னா தெரியும் தம்பி?" என்று கேட்டார். "எடை தெரியும், சூடு தெரியும், அழுத்தம் தெரியும் பாய்" என்றேன். "அப்ப இனிமே நமக்கு ரெஸ்ட்டுதான்" என்று சிரித்தார். நிஜமாகவே சந்தோஷப்பட்டார்.

அந்த மில்லில் ஒரு பழக்கம் உண்டு. அவித்த நெல்லை இறக்கிய பிறகு சில சமயம் தொட்டியின் அடியில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைச் சுரண்ட ஓர் ஆள் ஏணி வைத்து உள்ளே இறங்க வேண்டும். இறங்குகிறவர் முதலில் ஆவிக் குழாயின் சக்கரத்தைத் திருகி இறுக மூடுவார். பிறகு தோளில் கிடக்கும் துண்டை எடுத்து அந்தச் சக்கரத்தில் கட்டுவார். வெளியே வந்து அவரே அவிழ்க்கும்வரை வேறு யாரும் அதைத் தொட மாட்டார்கள். முதலாளி சொன்னாலும் தொட மாட்டார்கள். துண்டு கட்டியிருந்தால் சக்கரம் மூடியிருக்கிறது என்று அர்த்தம். இதில் யாருக்கும் சந்தேகம் வந்ததே இல்லை, நான் வரும்வரை.

நான் வந்ததும் சக்கரத்துக்கு அப்பால் கரண்டில் திறக்கும் வால்வு ஒன்று பொருத்தினோம். சக்கரம் மனிதன் கையில், வால்வு கம்ப்யூட்டர் கையில். இரண்டும் திறந்திருந்தால்தான் தொட்டிக்குள் ஆவி போகும்.

புரோகிராமில் ஒரு கோளாறு இருந்தது. தொட்டி காலியாக இருக்கும்போதே, நெல் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு எப்போதாவது வால்வைத் திறந்துவிடும். சக்கரம் மூடியிருப்பதால் ஆவி வராது. அழுத்தம் இல்லையே என்று குழம்பி புரோகிராம் அப்படியே படுத்துக்கொள்ளும். அதை எழுப்பி உட்கார வைப்பதற்குள் ஊற வைத்த நெல் நாற்றமெடுத்துவிடும். இரண்டு மூன்று தடவை இப்படி ஆன பிறகு முதலாளி பொறுமை இழந்தார். "வெள்ளிக்கிழம வரிக்கும் பாப்பேன். அப்பறம் பொட்டிய கட்டிக்கினு மெட்ராசுக்கே போயிடு" என்றார். பெட்டியோடு அதே டவுன் பஸ்ஸில் ஏறுவதை நினைத்துப் பார்த்தேன். கண்டக்டர் என்ன சொல்வார் என்றும் நினைத்துப் பார்த்தேன்.

கோளாறு வந்த நாட்களெல்லாம் யாராவது சுரண்ட இறங்கிய நாட்கள். தொட்டியின் அடியில் எடை காட்டும் தட்டு இருக்கிறது. எடை ஏறினால் நெல் வந்துவிட்டது என்று எழுதியவன் நான். எடை ஏறினாலும், தொட்டியின் மூடி மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திற என்று இன்னொரு வரி எழுதியிருக்க வேண்டும். அதை எழுதினேனா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. எடுத்துப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். படிக்கப் பயமாக இருந்தது. வால்வு வேறொரு கம்பெனியுடையது. தப்பு அதில்தான் இருக்கும் என்று நம்ப ஆசைப்பட்டேன்.

கோளாறைக் கையும் களவுமாகப் பிடிக்க வேண்டுமென்றால் சக்கரம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் புரோகிராம் படுத்துக்கொள்ளும், எதையும் பார்க்க முடியாது. அதனால் புதன்கிழமை பாயிடம் போனேன்.

"பாய், இனிமே உள்ள இறங்கும்போது சக்கரத்த மூடாதீங்க. மிஷினு கொழம்பிப் போவுது."

"தெறந்தே வுட்டுட்டு எறங்கறதா தம்பி?"

"வால்வு எங்கிட்டதான் இருக்குது. அங்க உக்காந்து பாத்துக்கினேதான் இருப்பேன்."

சக்கரத்தை ஒரு தடவை கையால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "நீங்க இருக்கறப்ப இன்னா பயம்" என்றார். அப்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லை. சக்கரம் திறந்தே இருக்க வேண்டும் என்பது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்போது எனக்கு மட்டும்.

நான் ஆபத்தை யோசிக்காதவன் இல்லை, ஐயா. வால்வைத் திறக்கும் வரிக்கு முந்தின வரியில் ஒரு தடை போட்டு வைத்தேன். எங்கள் தொழிலில் அது சாதாரணம். புரோகிராம் அந்த இடத்துக்கு வந்ததும் அப்படியே நிற்கும். நான் அடுத்த கீயை அழுத்தாமல் ஒரு வரிகூட நகராது. உள்ளே ஆள் இருந்தாலும் ஒன்றும் ஆகாது. வியாழக்கிழமை முழுவதும் ஸ்கிரீனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். அன்று தொட்டியில் நெல்லே ஒட்டவில்லை. யாரும் இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை அமாவாசை. மேல்மலையனூர் கோயிலில் கூட்டம் என்று பாதிப் பேர் விடியும்போதே ஸ்பெஷல் பஸ் பிடித்துப் போய்விட்டார்கள். மதியத்துக்கு முன்னால் ஜகபர் பாய் தொட்டிக்குள் இறங்கினார். அடியில் ஒட்டியதைச் சுரண்ட இறங்குவது வழக்கம் என்று சொன்னேன் அல்லவா. நான் ஏ.சி. அறையில் இருந்தேன். முதலாளி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

புரோகிராம் நான் போட்ட தடையில் வந்து நின்றது. எடை ஐம்பத்தெட்டு கிலோ என்று காட்டியது. மூடி திறந்திருக்கிறது என்று காட்டியது. அடுத்த வரி, வால்வைத் திற. நடுவில் இருந்திருக்க வேண்டிய வரி இல்லை. நான் எழுதவே இல்லை.

"இன்னாய்யா, நின்னு போச்சு?" என்றார் முதலாளி.

என் தப்புதான் முதலாளி, கண்டுபிடித்துவிட்டேன், சரி செய்துவிடுகிறேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லியிருந்தால் இரண்டு வசவு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் என் வாயில் வந்தது வேறு. "வால்வுலதான் தகராறுன்னு நெனைக்கிறேன் முதலாளி. பாத்துடலாம்" என்றேன். பார்த்துவிடலாம் என்று சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடுத்த வரிக்குப் போகும் கீயை அழுத்தினேன்.

ஒரு வரிதானே, வால்வு திறக்கிறதா என்று பார்த்துவிட்டு உடனே மூடிவிடலாம் என்று நினைத்தேன். அன்றே நீங்கள் என்னைத் துருவியிருந்தால், கேபிளில் கோளாறு, மூடச் சொன்னது போய்ச் சேரவில்லை என்று சொல்லியிருப்பேன். அந்தப் பதிலை ஒத்திகைகூடப் பார்த்து வைத்திருந்தேன். கேபிளில் ஒரு குறையும் இல்லை. நான் ஸ்கிரீனைப் படித்துக்கொண்டிருந்தேன். வால்வு திறந்தது என்று வந்தது. அழுத்தம் சரியாக இருந்தது. ஆக, தப்பு வால்வில் இல்லை, என்னிடம்தான். இனி முதலாளிக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது என்று யோசித்தேன். எடை மேலும் கீழுமாகக் குதித்தது. எடைத் தட்டிலும் கோளாறோ என்று ஒரு கணம் நினைத்தேன், ஐயா. சொல்லவே நாக்கூசுகிறது. அதற்குப் பிறகுதான் வால்வை மூடினேன்.

ஏ.சி. சத்தத்திலும் அரவை மிஷின் சத்தத்திலும் எனக்கு எதுவும் கேட்கவில்லை. கேட்டது சாந்த் பாஷாவுக்கு. அவன் பாயின் மனைவி கமர் ஜஹானுடைய தம்பி, பாய்லருக்கு உமி தள்ளுகிறவன். அலறல் கேட்டு ஓடிவந்து சக்கரத்தைப் பிடித்து மூடத் திருகினான். கொதிக்கிற இரும்பு, உள்ளங்கை வெந்துபோனது. சக்கரம் திறந்திருந்தாலும் பாய் பழக்கத்தில் தன் துண்டை அதில் கட்டிவிட்டுத்தான் இறங்கியிருந்தார். அடுத்து ஓடிவந்தவர்கள் பார்த்தது, பாயின் துண்டு கட்டிய சக்கரத்தில் அவன் கை இருந்ததை. துண்டு கட்டினால் சக்கரம் மூடியிருக்கும். மூடியிருந்தது திறந்தது என்றால் கை வைத்தவன்தான் திறந்தான். முந்தின வாரம் உமிக் குவியலுக்குப் பக்கத்தில் பீடி பற்றவைத்தான் என்று பாய் அவனை எல்லோர் முன்னாலும் அறைந்திருந்தார். அதுவும் சேர்ந்துகொண்டது. நீங்களும் அப்படித்தான் நினைத்தீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தப் பழக்கம் தெரிந்த யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

பாயைத் திண்டிவனம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. நான் அந்த அறைக்கே திரும்பிப் போய், விட்டுப்போன வரியை எழுதிச் சேர்த்தேன். மறுநாள் நீங்கள் அழைத்து வந்த அதிகாரி எப்படியெல்லாமோ சோதித்துப் பார்த்தார். ஒரு தப்பும் அகப்படவில்லை. கம்ப்யூட்டர் சொன்னதைத்தான் செய்யும், சொல்லாததைச் செய்யாது என்று அவரிடம் சொன்னேன். அது உண்மை. அந்த உண்மையைச் சொல்லும்போது சாந்த் பாஷாவை விலங்கு போட்டு வேனில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கையில் கட்டு இருந்ததால் விலங்கை முழங்கைக்குக் கீழே ஏற்றி மாட்டியிருந்தார்கள். அவன் என்னைப் பார்த்து, "சார், நான் மூடத்தான் போனேன் சார், நீங்களாவது சொல்லுங்க" என்றான். நான் கீழே பார்த்தேன்.

அதற்குப் பிறகு புரோகிராம் ஒரு தடவைகூடப் படுக்கவில்லை. முதலாளிக்குப் பரம திருப்தி.

நேற்று கமர் ஜஹான் அக்கா சிங்கவரத்துக்கு எங்கள் வீடு தேடி வந்தார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை, வாசலிலேயே நின்றார்.

"நாளைக்கி கோர்ட்டுல நான் சொல்லணுமாம் தம்பி. எங்க வூட்டுக்காரரு மேல அவனுக்குக் கோவம் இருந்துச்சின்னு சொல்லணுமாம். எங்கம்மா போனதுலேர்ந்து அவன எடுப்புல வச்சி வளத்தவ நான். ஜெயிலுக்கு நான் ஒரு வாய் சோறுகூட அனுப்பல. எங்க வூட்டுக்காரரு ஒங்களப் பத்தி அவ்ளோ பெருமையா பேசுவாரு. நீங்க படிச்சவங்க. ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. அவன்தான் செஞ்சானா?"

"தெரியலக்கா" என்றேன்.

அவர் தலையாட்டிக்கொண்டு போய்விட்டார். விடியும்வரை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் உங்களைத் தேடி வந்தேன். இன்றைக்கே சாந்த் பாஷாவை விடுவிக்க வழி பாருங்கள். அவன் சக்கரத்தைத் திறக்கவில்லை. அது என் பேச்சைக் கேட்டுப் புதன்கிழமையிலிருந்தே திறந்து கிடந்தது. அந்த அக்கா தன் தம்பிக்கு எதிராகக் கூண்டில் ஏறக் கூடாது.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. இதைச் சொல்லாமலே எழுந்து போய்விடலாம் என்று இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். சுரண்ட இறங்குவது வழக்கம் என்று சொன்னேன். வழக்கம் உண்மைதான். ஆனால் அன்று தொட்டியில் ஒரு மணி நெல்கூட ஒட்டியிருக்கவில்லை. பாய் வேலையை முடித்து, கை கால் கழுவி, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். முதலாளி சொன்ன கெடு அன்றோடு முடிகிறது. எனக்குத் தொட்டிக்குள் ஒரு எடை வேண்டியிருந்தது. "கொஞ்சம் உள்ள எறங்கி நில்லுங்க பாய், அஞ்சே நிமிஷம்" என்றேன். "தொட்டி சுத்தமாத்தானே இருக்குது தம்பி?" என்றார். "சும்மா நின்னா போதும்" என்றேன். சட்டையைக் கழற்றி ஏணியில் போட்டுவிட்டு இறங்கினார்.

கொட்டகை ஓரத்தில் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன, ஐயா. ஒரு மூட்டையை உள்ளே இறக்கியிருந்தாலும் அதே எடைதான் காட்டியிருக்கும். அது எனக்கு அப்போதே தோன்றியது. ஆனால் மூட்டை என்றால் இரண்டு ஆள் வேண்டும், கயிறு வேண்டும். ஜகபர் பாய்க்கு ஒரு வார்த்தை போதும்.